ரத்தினபாய் மிஸ் தூக்கிய கை

செம்பாக்கம் சபையில் ரத்தினபாய் மிஸ்ஸைப் போல ஜெபம் பண்ண ஆள் கிடையாது என்று ஒரு பேர் உண்டு. வீட்டுக் கூட்டமா, பிள்ளைக்குப் பிறந்தநாளா, புது ஸ்கூட்டருக்கு ஜெபமா, யாராவது தலையைக் குனிய ஆரம்பித்தாலே போதும், அவள் எழுந்து நின்று "அன்பின் பரலோகப் பிதாவே" என்று தொடங்கிவிடுவாள். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. பக்தியும் இருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறு.

அடுத்தவர் ஜெபம் பண்ணினால் கண்ணை மூட வேண்டும். கண்ணை மூடினால் ரத்தினபாய்க்கு உலகமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர் ஆமென் சொல்லி, சபை மொத்தமும் உட்கார்ந்து, காணிக்கைப் பையும் சுற்றி வர ஆரம்பித்துவிட்டது. அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். பின்வரிசையில் ஓர் அம்மாள், "பாருங்க, அப்படியே ஆவியில நிறைஞ்சி நிக்கிறாங்க" என்று உருகினாளாம். மகள் ஜெரூஷா புடவையைப் பிடித்து இழுத்துத்தான் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து ரத்தினபாய் முந்திக்கொண்டாள். தானே ஜெபம் பண்ணினால் அந்தத் தொல்லை இல்லை. ஆமென் எப்போது வரும் என்பது தனக்குத் தெரியும்.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மிஷன் பள்ளி. அங்கே ஆறாம் வகுப்புக்கு அவள் அறிவியல் டீச்சர். கணவர் சத்தியநாதன் போன பிறகு வீட்டில் எரியும் ஒரே அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது. காது மெல்ல மெல்ல மங்கியது. சட்டென்று போயிருந்தால் நாலு பேர் பரிதாபப்பட்டிருப்பார்கள். மங்கினதால் யாருக்கும் தெரியவில்லை, அவளும் தெரியவிடவில்லை.

அந்தப் பள்ளிக்கு மேலே விமானப்படை விமானங்கள் பறக்கும். விமானம் வரும்போது எல்லா டீச்சர்களும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். அது அந்தப் பள்ளியின் பழக்கம். ரத்தினபாய் மட்டும் ஒருநாள் நிறுத்தாமல் மகரந்தச் சேர்க்கையை நடத்திக்கொண்டே போக, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகளின் கண் கூரைக்குப் போனால் நிறுத்த வேண்டும், கரும்பலகைக்குத் திரும்பினால் தொடங்க வேண்டும். கேள்வி கேட்டால் பதிலை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லக் கூடாது, போர்டுக்கு வந்து எழுத வேண்டும். "ரத்தினபாய் மிஸ் கிளாஸ்ல எழுதி எழுதியே பிள்ளைக்குப் படிப்பு மனசுல நின்னுடுது" என்று பெற்றோர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

பெரியவர்களை அவள் மீசையை வைத்துப் பிரித்திருந்தாள். மீசை இல்லாதவர்களின் உதட்டைப் படிக்கலாம். ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் அசரியா மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு வருவார், புண்ணியவான். தலைமையாசிரியர் டேனியலுக்கோ உதடே தெரியாத மீசை. அவர் பேசினால் அவள் பக்கத்தில் நிற்கும் கணக்கு டீச்சர் ஜான்சியைப் பார்ப்பாள். ஜான்சி சிரித்தால் சிரிப்பாள். ஜான்சி தலையாட்டினால் தலையாட்டுவாள். ஜான்சி நோட்டை மூடினால் மூடுவாள். ஸ்டாஃப் ரூமில் இப்படியே வண்டி ஓடியது. ஜான்சிக்கு இது எதுவும் தெரியாது. தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கும் தோழி வேறு இல்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

ஏன் இவ்வளவு பாடு, வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சொன்னவர் ஒருவர் இருந்தார். சமூக அறிவியல் டீச்சர். காது மந்தம் என்று தெரிந்ததும் "உங்க நல்லதுக்குத்தான்" என்று நூலகத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஜூனில் நூலகத்துக்கே ஆள் வேண்டாம் என்றார்கள். கண் மங்கி மூக்குக் கண்ணாடி போட்டால் படித்த களை. காதில் ஒன்றை மாட்டினால் செவிடு. ஊருக்கு ஓரவஞ்சனை எப்போதும் உண்டு.

ஜெரூஷாதான் விடாமல் பிடித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும், அறுவை வேண்டாம், கருவி போட்டால் வகுப்பெடுப்பதில் ஒரு சிரமமும் இருக்காது என்றார் டாக்டர். பழகிப் பார்க்க அரைமணி நேரம் மாட்டிவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். தன் புடவை சரசரப்பது கேட்டது. ஃபேன் கேட்டது. வரவேற்பில் இருந்த பெண் உள்ளே யாரிடமோ, "அந்தச் செவிட்டம்மா இன்னும் போகலையா?" என்று கேட்டதும் சுத்தமாகக் கேட்டது. பல வருஷம் கழித்து அவள் காதில் தெளிவாக விழுந்த முதல் வாக்கியம் அது. அப்படியும் அவளுக்குக் கருவியைக் கழற்ற மனம் வரவில்லை. கோபப்படுவதற்காவது கேட்கிறதே என்று இருந்தது.

கைக்காசு போட்டு வாங்கினால் ஜெரூஷாவின் கடைசி வருஷப் படிப்பு நின்றுபோகும். ஆன்லைனில் விற்கும் மலிவுக் கருவி ஒன்றை முன்பே வாங்கிப் பார்த்தாயிற்று. அது வகுப்பு நடுவில் விசிலடித்தது. "மிஸ், குக்கரு!" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். அதோடு அது பீரோவுக்குள் போயிற்று.

பள்ளியில்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றாள் ஜெரூஷா. இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவைகூட ரத்தினபாய் ஒரு மாத்திரைக்குக் கையேந்தியதில்லை. இப்போது கேட்டாள். கருவி வெளியே மாட்டும் பொருள், பாலிசியில் இல்லை என்று பதில் வந்தது. உள்ளே வெட்டி வைத்தால் உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்தால் உண்டு. வெளியே மாட்டினால் இல்லை. வெட்டத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதுதான் அவள் செய்த குற்றம். குறையிருந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று கடைசி வரியில் ஒரு போன் நம்பர் வேறு. காது கேட்காதவளைப் போனில் கூப்பிடச் சொன்ன அந்தப் புத்திசாலி யாரென்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெரூஷா கூப்பிட்டாள்.

"மேடம், பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும்."

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க. கிளெய்மே அதுக்குத்தான்."

"புரியுது மேடம். ஆனா வெரிஃபிகேஷனுக்கு அவங்க வாய்ஸ் வேணும்."

ஜெரூஷா போனை ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பெண் கேட்பதையெல்லாம் உதட்டை அசைத்து அம்மாவுக்குக் காட்டினாள். ரத்தினபாய் பிறந்த தேதியைச் சொன்னாள், பின்கோடைச் சொன்னாள். அடுத்த கேள்விக்கு ஜெரூஷாவின் உதட்டோடு கொஞ்சம் சத்தமும் சேர்ந்து வந்துவிட்டது.

"மேடம், பக்கத்துல யாரோ சொல்லிக் கொடுக்கறாங்க. செக்யூரிட்டி ரீசனுக்காக இந்தக் காலை முடிச்சுக்கறேன். ஹேவ் எ நைஸ் டே."

கொஞ்ச நேரத்தில் செல்லுக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? ஜெரூஷா போனைக் கட்டிலில் எறிந்தாள். "இதுக்குச் சட்டமே போடணும்மா. எந்தப் பாலிசியா இருந்தாலும் காது மெஷின் கண்டிப்பா கவர் ஆகணும்னு. அதுவா இரக்கப்பட்டு ஒருத்தனும் குடுக்க மாட்டான்." ரத்தினபாய் மகளின் உதட்டைப் படித்தாள். சட்டம் வரும் வரை ஆறாம் வகுப்பு காத்திருக்குமா என்பதுதான் அவள் கவலை.

அந்தக் கிளெய்ம் பேப்பர் அசரியாவின் மேஜை வழியாகத்தான் போய் வந்தது. ஆக, பள்ளியில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் ஸ்டாஃப் சங்கத்துக்கும் செயலாளர். மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாலிசி புதுப்பிக்கிற சமயம் நெருங்கியதும் கம்பெனிக்காரர்களிடம் பேசிப் பார்த்தார். குழு முழுவதும் ஒப்புக்கொண்டால் காதுக் கருவியையும் சேர்க்கலாம், ஆனால் எல்லோருக்கும் பிரீமியம் ஏறும் என்றார்கள். பெரும்பான்மை எப்படியோ அப்படி. அசரியா ரத்தினபாயை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அவள் எதிரில் நேராக உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"டீச்சர், நாளைக்கு மீட்டிங்ல நானே பேசறேன். உங்க பேரு வராது. நீங்க ஒண்ணும் பேச வேணாம். பேசி முடிச்சதும் முதல்ல 'வேணும்'ங்கறவங்களைத்தான் கை தூக்கச் சொல்வேன். அப்ப நீங்க தூக்கினா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"யாரு சார் எனக்காகத் தூக்குவாங்க?"

"உங்களுக்காகன்னு யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் வயசாகும்ல. எல்லாருக்கும் காது இருக்குல்ல."

அன்று இரவு அவள் முழங்கால்படியிட்டாள். காது வேண்டும் என்று கேட்கவில்லை. கை தூக்குகிற பெருந்தன்மையை நாலு பேருக்குக் கொடும் ஆண்டவரே என்றுதான் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி ஹாலில் கூட்டம். அசரியா மைக்கைப் பிடித்து எழுந்தார். மைக் அவர் வாயை முழுக்க மறைத்துவிட்டது! மீசையில்லாத அந்த நல்ல முகத்தில் மூக்குக்குக் கீழே ஒரு கறுப்பு உருண்டைதான் இருந்தது. இதை அவரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. சரி, முதல் கைதூக்கல் நம்முடையது, அது தெரியுமல்லவா என்று ரத்தினபாய் மனதைத் தேற்றிக்கொண்டு ஜான்சிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அங்கே என்ன பேசினார்கள் என்று அவளுக்குத்தான் கேட்கவில்லை, உங்களுக்காவது சொல்கிறேன். அசரியா உருகிப் பேசினார். கேட்காதவர் வகுப்பை இழக்கிறார், வகுப்பை இழந்தால் மருந்து வாங்கவும் வழியில்லை, அப்புறம் இந்த இன்ஷூரன்ஸ் எதற்கு என்று கேட்டார். ராஜகோபால் என்ற வேதியியல் வாத்தியார் அதை ஆதரித்தார். "பல்லு போனா கேக்கலாமா, கண்ணாடிக்குக் கேக்கலாமா, எங்க போய் முடியும்?" என்றார் இன்னொருவர். ஜான்சி எழுந்தாள். அவள் கணவருக்கு வாரம் தப்பாமல் டயாலிசிஸ். "எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல சார். ஆனா இப்பவே பிடிக்கிறது தாங்கல. யாருக்கோ எப்பவோ வரப்போற காதுக்கு நான் இன்னைக்கே கட்டணுமா?" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பு இல்லை. அந்த யாரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் தோழி இவ்வளவு உணர்ச்சியோடு பேசுகிறாளே என்று அவளை அன்போடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேனியல் கேட்டார். "சரி, நம்ம ஸ்டாஃப்ல யாருக்காவது காது கேக்காம இருக்கா? இருந்தா சொல்லுங்க." ஹாலே திரும்பித் திரும்பிப் பார்த்தது. "அதுவும் கேக்காதவங்களுக்கு நான் கேட்டது எப்படிக் கேக்கும்?" என்று அவரே ஒரு நகைச்சுவையும் சேர்த்தார். ஹால் சிரித்தது. ஜான்சி சிரித்தாள். ரத்தினபாயும் சிரித்தாள். அசரியா மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? வாக்கெடுப்பை அசரியா எடுப்பதாக ஏற்பாடு. நேரமாகிறது என்று டேனியல் மைக்கை வாங்கிக்கொண்டார். "வேண்டாம்கறவங்க முதல்ல கை தூக்குங்க, சட்டுன்னு முடிஞ்சிரும்" என்றார்.

ஜான்சியின் கை எழுந்தது. அதற்கு முன்வரிசையில் ஒரு கை, பிறகு அந்த வரிசை முழுக்க. பின்னால் திரும்பினால் அங்கும் கைகள். ரத்தினபாய் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். நாலு பேருக்காவது மனசைக் கொடும் என்று கேட்டாளே, ஆண்டவர் ஹாலையே கொடுத்துவிட்டார். இத்தனை பேரா! இவர்களையா இத்தனை வருஷம் நம்பாமல் ஒளிந்து ஒளிந்து வாழ்ந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. கண் நிறைய, அவளும் கையைத் தூக்கினாள். தோள்வரை அல்ல, பிள்ளைகள் "மிஸ், நான் மிஸ்" என்று தூக்குவார்களே, அப்படி நேராக மேலே தூக்கினாள்.

அசரியாவைத் தேடிப் பார்த்தாள், நன்றியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பால் அடி வாங்கினவர் முகம்போல இருந்தது.

கைகள் இறங்கின. டேனியல் மறுபடி ஏதோ சொன்னார். இந்தத் தடவை இங்கே ஒன்று அங்கே ஒன்றாக நாலைந்து கைகள் எழுந்தன. யாரந்த மனசில்லாத ஜென்மங்கள் என்று பார்த்தாள். ராஜகோபால் சார். அப்புறம் அசரியா.

அசரியாவா?

அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, முழுசாக விளங்கியது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது மண் என்று தெரியும். பதறிப்போய் அவள் கையை மறுபடி தூக்கினாள், பாதிவரைக்கும். டேனியலின் மீசை அசைந்தது. "என்ன டீச்சர், ரெண்டு ஓட்டா? கள்ள ஓட்டு செல்லாது!" என்றார். ஹால் வெடித்துச் சிரித்தது. ஜான்சி செல்லமாக அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஜான்சி சிரித்ததைப் பார்த்து, வேறு வழி தெரியாமல், ரத்தினபாயும் சிரித்தாள்.

அதோடு விட்டார்களா? மிஷன் பள்ளி, கூட்டத்தை ஜெபத்தோடுதான் முடிக்க வேண்டும். ஜெபம் என்றால் யார்? எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஜான்சி முழங்கையால் இடித்தாள். ரத்தினபாய் எழுந்தாள். "அன்பின் பரலோகப் பிதாவே" என்றாள். தலைகள் குனிந்தன. வாய் பழகின பாதையில் அதுவாகப் போயிற்று. "இந்தக் கூட்டத்தை ஆசீர்வதித்ததற்காக ஸ்தோத்திரம். நாங்கள் ஒருமனதாய் எடுத்த இந்த முடிவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்." ஆமென் சொல்லத்தான் நேரமாயிற்று. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவள் கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள்.

நாற்காலிகளை அடுக்கும்போது அசரியா அவள் எதிரில் வந்து நின்றார். பக்கத்திலேயே டேனியல், கூட்டத்துக்கு வந்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மைக் இல்லாததால் அசரியாவின் உதடு நன்றாகத் தெரிந்தது. மைக்கில் வந்த சத்தம் அவளுக்கும் எட்டியிருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார்.

"ஏன் டீச்சர்? நீங்களே தூக்கிட்டீங்களே. ஏன்?"

ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் புரிந்தது. சார், எனக்கு விளங்கவில்லை, முதல் கை நம்முடையது என்று நினைத்தேன் என்று சொன்னால் போதும். சொன்னால் டேனியலுக்கும் கேட்கும். அவர் பேனாவை நிறுத்திவிட்டு இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பும், கூரையைப் பார்க்கும் அந்தப் பிள்ளைகளின் கண்களும், நூலகத்துக்குப் போன டீச்சரும் ஒன்றாக அவள் மனதில் வந்து நின்றார்கள்.

"எல்லாருக்கும் பாரமாயிடும்னு தோணுச்சு சார்" என்றாள்.

"டீச்சர் சரியாச் சொன்னாங்க" என்றார் டேனியல். அசரியா இரண்டு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை அவர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொல்லலாம். சொல்லுவாள். சொல்லி என்ன, கையெழுத்து ஆகிவிட்டதே. இன்னும் ஒரு வருஷத்துக்கு அதே பாலிசி, அதே பிடித்தம்.

கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துச் செம்பாக்கம் வந்து சேர்ந்தபோது ஜெரூஷா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"மீட்டிங் என்னம்மா ஆச்சு?"

"வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா? ஒருத்தர்கூடவா உனக்காகக் கை தூக்கல?"

"அசரியா சார் தூக்கினாரு. ராஜகோபால் சார் தூக்கினாரு." ரத்தினபாய் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

ஜெரூஷா அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டாள். "நீ?"

ஒற்றை எழுத்து. உதட்டில் அதைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இத்தனை வருஷமும் கேட்காததையெல்லாம் கேட்டதாகக் காட்டியே பிழைத்தவள், முதல் தடவையாக, கேட்டது கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.